சுறா வேலை செய்யாத நாளில் மனிதன் தெரிந்தான்



இன்றைய பிரம்மாண்டப் படங்களில் மேலோங்கி நிற்பது சண்டையா, மனிதனா என்பது தலைப்பு. சண்டைதான், மனிதனைக் காணோம் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தோழர் கேட்டார்: “ஜனங்க சண்டை கேக்குறாங்க, அவங்க கொடுக்குறாங்க. இதுல என்னய்யா குத்தம்?” நியாயமான கேள்வி. கொஞ்சம் வரலாற்றைப் புரட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. என் அக்கா மகன் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்தான். “எப்படிடா படம்?” என்றேன். “சூப்பர் மாமா! கட்டடம் கட்டடமா விழுது!” “சரி, கதாநாயகன் பேரு என்ன?” யோசித்தான். “அதான் மாமா… அந்த நீலச் சட்டைக்காரன்!” (சிரிப்பு) ரெண்டரை மணி நேரம் கூட உட்கார்ந்திருந்த மனுஷனுக்குப் பேர் இல்லை!

‘பிளாக்பஸ்டர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருத்தொகுதியையே தகர்க்கும் ராட்சதக் குண்டுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. 1943 வாக்கிலேயே சினிமா விளம்பரத்துக்கு வந்துவிட்டது. பேரிலேயே குண்டு இருக்குதய்யா! (கைதட்டல்)

ஆனாலும் அந்தப் பேரை நிலைநாட்டிய படம் என்ன செய்தது? 1975 ஜூன் 20-ஆம் தேதி அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நேரத்தில் வெளியானது ‘ஜாஸ்’. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படம். கதையில் ஒரு பெரிய சுறா. அதற்காக இயந்திரச் சுறா செய்தார்கள். கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் சுறா மக்கர் பண்ணிவிட்டது! 55 நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது.

சுறா வராத நாளில் இயக்குநர் யாரைப் படம் பிடிப்பார்? மனிதனைத்தான் பிடிக்க முடியும். சுறா முழுசாக முகம் காட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரைக்கும் யாரைப் பார்க்கிறோம்? கவலையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு போலீஸ் அதிகாரி. அவருடைய சின்னப் பையன் அப்பா செய்வதை எல்லாம் அப்படியே செய்கிறான். அப்பா கையை மூடினால் அவனும் மூடுகிறான். சண்டையும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனால் அந்த அப்பா கடலுக்குப் போகும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறதே, அதற்கு வித்து அந்தச் சாப்பாட்டு மேசையில் விழுந்தது!

அதே படத்தில் ஒரு சிறுவனைச் சுறா கொன்றுவிடுகிறது. அவனுடைய தாய் கறுப்பு உடையில் வருகிறாள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் கடற்கரையைத் திறந்து வைத்தாயே என்று அந்த அதிகாரியின் கன்னத்தில் ஓங்கி அறைகிறாள். ஒரே ஒரு உயிர். அதற்குக் கணக்குக் கேட்க ஒரு தாய் வந்தாள். இந்தத் தாயை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ வந்தது. இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சுறாவுக்கு உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அப்போதும் ரெண்டு மணி நேரப் படத்தில் டைனோசார் வருவது சுமார் 15 நிமிடம்தான். ஸ்பீல்பெர்க் பழைய பாடத்தை மறக்கவில்லை. பின்னால் வந்த பலர் மறந்தார்கள். இயந்திரம் கெடவே கெடாது என்றானபிறகு மனிதன் எதற்கு?

சந்தையும் சேர்ந்துகொண்டது. சிரிப்புக்கும் கண்ணீருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், குத்துக்கு வேண்டாம். 2012-ல் சீனா, வசூலில் பங்கு தந்து அனுமதிக்கும் வெளிநாட்டுப் படங்களை ஆண்டுக்கு 20-லிருந்து 34 ஆக்கியது. கூடுதலான அந்த 14 இடம் யாருக்கு? 3டி, ஐமேக்ஸ் படங்களுக்கு! முகத்தைப் பார்க்கவும் நேரம் குறைந்தது. டேவிட் போர்டுவெல் என்ற அமெரிக்கத் திரைப்பட அறிஞர் கணக்கெடுத்தார். 1930 முதல் 1960 வரை ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி நின்றது. நூற்றாண்டு முடியும்போது 3 முதல் 6 விநாடி. ஒருத்தன் அழ ஆரம்பிப்பதற்குள் காட்சி மாறிடுதய்யா! (சிரிப்பு)

இன்னொரு சாட்சி. 2006-ல் ‘கேசினோ ராயல்’, ஜேம்ஸ் பாண்ட் படம். ஒரு கொலையைக் கண்ணால் பார்த்த பெண் நடுங்கிப்போய்க் குளியலறையில் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருக்கிறாள். பாண்ட் போட்ட சட்டையோடு பக்கத்தில் போய் உட்காருகிறான். அவ்வளவுதான். அவன் யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த படம் ‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’, 2008. அப்போது ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை வேலைநிறுத்தம். கதை முடியாமலே படப்பிடிப்பு தொடங்கியது. தானும் இயக்குநருமே காட்சிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது என்று கதாநாயகன் டேனியல் கிரெய்க் பின்னாளில் பேட்டி கொடுத்தார். அங்கே சுறா வேலை செய்யவில்லை, மனிதன் வந்தான். இங்கே பேனா வேலை செய்யவில்லை, மனிதன் போனான்! (பலத்த கைதட்டல்)

எதிரணி சும்மா இருக்குமா? “ரெண்டு படமும் கிட்டத்தட்ட 60 கோடி டாலர் வசூல் பண்ணுச்சே!” என்பார்கள். உண்மைதான். எனக்கு வருத்தமே அதுதான். குறை தெரிந்தால் திருத்தலாம், குறையே தெரியாமல் போனால்?

எதிரணித் தலைவி 2015-ல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ படத்தைச் சொன்னார். முழுக்கத் துரத்தல், ஆனாலும் ஆறு ஆஸ்கர் என்றார். ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆனால் அதில் உயிர் எங்கே இருக்கிறது? தேடி வந்த பசுமை நிலம் அழிந்துபோனது என்று தெரிந்ததும், மணலில் மண்டியிட்டு அலறுகிறாளே ஃபியூரியோசா, அங்கே இருக்கிறது. சண்டைக்கு நான் விரோதி இல்லை. சண்டை போடுபவன் யார் என்று தெரியணும், அவ்வளவுதான்.

நம்ம கம்பன் கும்பகர்ணனை எழுப்பியதும் நேரே போருக்கா அனுப்பினான்? அண்ணனுக்குப் புத்தி சொல்ல வைத்தான், செஞ்சோற்றுக் கடனுக்காகக் கிளம்ப வைத்தான், தம்பி விபீடணனைத் தழுவி அழ வைத்தான். அப்புறம்தான் போர். அதனால்தான் எதிரி விழும்போதும் நமக்குக் கண் கலங்குகிறது.

நடுவர் மணியில் கை வைக்கிறார், முடித்துவிடுகிறேன். 2013-ல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’. நம்ம நீலச் சட்டைக்காரன் படம்தான். கடைசிச் சண்டையில் ஒரு மாநகரமே நொறுங்குகிறது. ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாம் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 1975-ல் ஒரு பிள்ளைக்காக ஒரு தாய் வந்து அறைந்தாள். 2013-ல் ஒரு ஊருக்காக, கணக்குக் கேட்க அந்தப் படத்தில் ஒரு தாயும் வரவில்லை. அடுத்தவன் சாவைப் பார்த்து அசையாமல் இருக்க நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துப் பழக்குகிறோமே, அதுதான் என் பயம்.

அந்தத் தாயைத் திரும்பக் கூட்டிவாருங்கள் என்று கேட்டு, நல்ல தீர்ப்பை எதிர்பார்க்கிறேன்.