பாண்டிய நாட்டில் குதிரை ஏன் பெருகவில்லை?

13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படைக்குத் தேவையான குதிரைகள் பெரும்பாலும் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தன. இவ்வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகர் கதையும் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சரைப் பற்றியதே.

ஆண்டுதோறும் 10,000 குதிரைகள், ஒன்று 220 பொன் தினார் விலையில் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசே பணம் கொடுத்ததாம்! முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1292-ஐ ஒட்டி இங்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் வியப்பானது. மன்னன் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார் அவர். தாமிரபரணி முகத்துவாரத்தில் உள்ள இன்றைய பழையகாயலே அவர் குறிப்பிடும் காயல் துறைமுகம் என்பது கால்டுவெல்லின் முடிவு.

வாங்கியவை இறந்தாலும், இங்கேயே குட்டிகளை வளர்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்கிறார் போலோ. நாட்டின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாததே காரணம் என அக்காலத்தவர் கருதினர். இக்கருத்தை இன்றைய உடலியல் அறிவைக் கொண்டு ஆராயலாம்.

பெண் குதிரையின் இனப்பெருக்கம் பகல் நீளத்தைச் சார்ந்தது. இரவில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் இனப்பெருக்கச் சுரப்பைத் தடுக்கிறது. பகல் நீளும்போது தடை தளர்ந்து, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. ஹோர்முஸில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. நெய்வேலியில் அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி. காயலில் இன்னும் குறைவு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பெண் குதிரைகள் ஆண்டு முழுவதும் சினைப்படக் கூடியவையாகின்றன. எனவே கருத்தரிப்புக்கு நம் ஊர் வெயிலைக் குறை சொல்ல முடியாது.

குறை தீவனத்தில் இருந்திருக்கலாம். இங்கே குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தனர் என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் புல் தின்னும் விலங்குக்கு இது விருந்தன்று. அரிசியில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் மிகுந்தால் உணவிலுள்ள கால்சியம் குடலில் சரிவர உறிஞ்சப்படாது. இரத்தத்தில் கால்சியம் குறையவும் பாராதைராய்டு ஹார்மோன் பெருகி, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது. சினைக்காலம் சுமார் 11 மாதம். அதன் கடைசி மாதங்களில்தான் குட்டியின் எலும்பு வேகமாக வளர்கிறது; பிறகு பாலுக்கும் கால்சியம் வேண்டும். தாயிடமே இல்லாதபோது குட்டியின் கால் எப்படி நேராக இருக்கும்? போலோ கண்ட கோணல் காலுக்கு இது உறுதியான விடை என்று கூற இயலாது. பொருந்தும் விடை எனலாம். குதிரைத் தீவனமாகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற கொள்ளில் அரிசியைவிடப் பலமடங்கு கால்சியம் உள்ளது.

அடுத்தது உப்பு. வந்த குதிரைகளை 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பயிற்சியின்றி வெறித்தனமாக ஓட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். குதிரையின் வியர்வை மனித வியர்வையைவிட உப்பு மிகுந்தது. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வெளியேறலாம். சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய மின்பகுளிகள் அதனுடன் போகும். நீரும் உப்பும் சேர்ந்தே குறைவதால் இரத்தம் செறிவடையாது. அதனால் தாகமும் சரியாக எழாது. தண்ணீர் முன்னால் இருந்தும் குதிரை குடிக்காமல் நிற்கும்.

இதை அறிந்த குதிரை வைத்தியர் பாண்டிய நாட்டில் இல்லை என்றும், அத்தகையவர் எவரும் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் போலோ குற்றம் சாட்டுகிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், 1824-இல், மேய்ச்சல் நிலமும் குளிர்ந்த காற்றும் உள்ள ஓசூரில் இராணுவக் குதிரைகளுக்கென்றே ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. இன்று அது அரசு கால்நடைப் பண்ணையாக உள்ளது.