கடல் காட்டிய ஊர்

1850, குளிர்காலம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளில் ஒரு பேய்ப்புயல். கடற்கரையோரம் புல் போர்த்திக் கிடந்த மணல்மேடு ஒன்றை உரித்தே போட்டுவிட்டது. உள்ளே பார்த்தால், வீடுகள்!

ஸ்காரா ப்ரே என்று பெயர். இன்றைக்குப் போனால் சுவர்களுக்கு மேலே போட்டிருக்கும் பாதையில் நடந்து, கூரையில்லாத வீடுகளை எட்டிப் பார்க்கலாம். மொட்டை மாடியில் நின்று பக்கத்து வீட்டை வேவு பார்க்கிற மாதிரிதான். நடுவே அடுப்பு. இரு பக்கமும் கட்டில். வாசலுக்கு நேரெதிரே அலமாரி. எல்லாமே கல். மரம் அரிதான தீவு, வேறென்ன செய்வார்கள்?

1920களின் கடைசியில் இங்கே தோண்டிய கார்டன் சைல்டு லேசுப்பட்ட ஆளில்லை. ஆனாலும் கி.மு. 500 வாக்கில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1970களில் ரேடியோ கார்பன் சோதனை செய்தார்கள். கி.மு. 3100ஐ ஒட்டிய ஊர்! எகிப்தின் பெரிய பிரமிடுக்கே அண்ணன்.

அந்த ஜனங்கள் வாழ்ந்தபோது கடல் தள்ளி இருந்தது. இப்போது வாசலுக்கே வந்துவிட்டது. சைல்டு வருவதற்குச் சில வருஷம் முன்பு இன்னொரு புயல், ஒரு வீட்டின் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போனது. அப்புறம்தான் தடுப்புச்சுவர் கட்டினார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. அலைகள் அதோடு மோதுவதில்லை என்றில்லை. மோதிவிட்டு, சுவர் முடிகிற இரண்டு ஓரங்களிலும் மண்ணை அரித்துக்கொண்டிருக்கின்றன.

போகிறவர்கள் சீக்கிரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.