பசி ருசி அறியுமா? எயிற்பட்டினத்துப் பாட்டும் ஈயின் மூளையும்

மரக்காணம் உப்பளக் கடற்கரையைச் சங்ககால எயிற்பட்டினத்தோடு ஆய்வாளர் இணைத்துக் காண்பர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளுள் இப்பட்டினத்தையும் பசியின் கொடுமையையும் ஒருசேரக் காட்டுகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அதே பாணர் கூட்டத்துக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீனும் கள்ளும் கிடைக்கும் எனப் பாட்டு வழிகாட்டுகிறது.

‘பசி ருசி அறியாது’ என்பது பழமொழி. பசி சுவையுணர்வை அழிக்கிறதா, மாற்றுகிறதா என்னும் வினாவுக்குப் பூச்சியியல் வரலாறு விடை தருகிறது. முன்குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்தால் ஊதீ வயிறு நிறைந்த பின்னும் உண்டுகொண்டே இருப்பதை வின்சென்ட் டெத்தியர் கண்டறிந்தார். அவ்வாய்வுகளை 1976இல் நூலாகத் தொகுத்தார். உண்பதை நிறுத்துமாறு மூளைக்குக் குடல் செய்தி அனுப்புகிறது என்பது இதனால் புலனாயிற்று. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்சும் 1970களில் மணமும் சுவையும் அறிவதில் மாறுபட்ட பழ ஈக்களைப் பிரித்தெடுத்து, இவ்வினாவை மரபணுத் தளத்துக்குக் கொண்டுவந்தனர்.

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. பட்டினி கிடக்கும் பழ ஈயின் உடலில் இன்சுலின் குறிப்பு தாழ்கிறது. அப்போது மணமறியும் நரம்பணுக்களில், குறு நியூரோபெப்டைடு எஃப் என்னும் பொருளுக்கான ஏற்பியின் மரபணு கூடுதலாகச் செயற்படுகிறது. உணவின் மணம் மூளைக்கு வலுவாகச் சென்று சேர்கிறது. இனிப்பை நாடும் உணர்வு கூடுவதும் கசப்பை வெறுக்கும் உணர்வு குறைவதும் தனித்தனி வழிகளில், பட்டினியின் வெவ்வேறு படிநிலைகளில் நிகழ்கின்றன என 2014ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது.

ஆகவே பசி ருசியை அறியாததன்று. ருசியின் அளவுகோலை மாற்றுவது. பழமொழி பாதியளவே உண்மை. இதனைக் கொண்டு சங்கப் புலவர் மரபணுவியலை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பொருந்தாது. புலவர் கண்டது வேறு. உப்பில்லாக் கீரையை ஏற்கும் நிலையிலும் கிணைமகள் உப்பின்மையை அறிவாள், கதவையும் அடைக்கிறாள். பட்டினியில் ஈயின் நாட்டம் மாறும் வழியை ஆய்வுக்கூடம் விளக்கிவிட்டது. பசியிலும் மாறாத நாணத்தைப் பாட்டே பதிவுசெய்துள்ளது. இவ்விரு சான்றுகளையும் அவற்றின் எல்லைக்குள் நிறுத்திப் படிப்பதே முறையாகும்.