கொய்னா பட்டையும் பி.ஃபார்ம் படிப்பும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், ஊரிலிருந்து எனக்கு போன் வரிசையாக வரும். "தம்பி, பையனுக்கு டாக்டர் சீட் கிடைக்கல. பி.ஃபார்ம் சேர்த்தா மெடிக்கல் ஷாப்பாவது வைப்பானா?" கொழிஞ்சாம்பாறை சொந்தமும் இதைத்தான் கேட்கும், மூணாறு சொந்தமும் இதைத்தான் கேட்கும். நியூ ஜெர்சியில் உட்கார்ந்து மாத்திரை எத்தனை நிமிஷத்தில் கரைகிறது என்று அளந்து பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! மெடிக்கல் ஷாப் வைக்க இரண்டு வருஷ டி.ஃபார்ம் போதும். பி.ஃபார்ம் என்ற நாலு வருஷப் படிப்பு வந்த கதை வேறு. அந்தக் கதையின் ஆரம்பம் நம்ம மலையில்தான் இருக்கிறது.

மேப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாலக்காட்டின் பரம்பிக்குளம், இன்னொரு பக்கம் இடுக்கியின் மூணாறு, நடுவில் தமிழ்நாட்டு வால்பாறை. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. ஊருக்குப் பெயர் தந்தது ஒரு மரம். அதன் பட்டையில்தான் கொய்னா இருக்கிறது. நம்ம பாட்டிமார் குளிர்காய்ச்சலுக்கு முழுங்கி முகம் சுளித்தார்களே, அதே கொய்னாதான்.

தென் அமெரிக்காவிலிருந்து இந்த மரத்தை 1860 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையை முன்னின்று நடத்தியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். ஊட்டியில் மெக்ஐவர் அதை வளர்த்துக் காட்டினார். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே முதலில் நட்டவற்றில் காபியோடு சின்கோனாவும் உண்டு. தேயிலை முழுசாக மலையைப் பிடித்தது பிறகுதான். சிலோன்காரர்கள் 1880களில் பட்டையைக் கொண்டுவந்து கொட்டியதில் விலை சரிந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த லெட்ஜர் வகையில் கொய்னா அதிகம். நம்ம பக்கத்து மரம் போட்டியில் தோற்றது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நீலகிரியில் நன்றாக வளர்ந்த சிவப்புப் பட்டை வகையில் கொய்னா குறைவு, அதன் உறவுக்கார ரசாயனங்கள்தான் அதிகம். அப்படியானால் இந்த மரம் வீணா? 1866-ல் ஜான் பிராட்டன் என்ற ரசாயனக்காரரை இதற்கென்றே அரசு நியமித்தது. கூடவே, பட்டையில் இருக்கும் நாலு ஆல்கலாய்டுகளையும் (குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின்) ஆட்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. 1866 முதல் 1868 வரை, சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில், 3600 நோயாளிகள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் காய்ச்சல் விட்டது. சின்கோனின் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது. இன்றைக்கு நாங்கள் "கிளினிக்கல் ட்ரையல்" என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பேசுகிறோமே, அதன் ஒரு பாட்டன் இது. (அந்த 3600 பேரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா? சந்தேகம்தான்.)

1892 முதல் வங்காளத்தில் தபால் ஆபீஸிலேயே காலணாவுக்கு கொய்னா பொட்டலம் கிடைத்தது. எல்லாரும் வாங்குகிற சரக்கு என்றால் கலப்படமும் வராமல் இருக்குமா? 1920களில் போலி கொய்னா பெரிய புகாராக வெடித்தது. மலேரியாக்காரனுக்கு மாவு மாத்திரை கொடுப்பது கொலைதானே! போலியைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. புரோமின் தண்ணீரும் அம்மோனியாவும் விட்டால் கொய்னா மரகதப் பச்சையாக மாறும். ஆனால் அதைச் செய்து பார்க்கப் படித்த ஆள் வேண்டும். நாட்டில் இருந்ததோ பெரும்பாலும் அனுபவத்தில் கற்ற கம்பவுண்டர்கள்.

1930-ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. சட்டமும் வேண்டும், மருந்தாளர்களுக்கு முறையான படிப்பும் வேண்டும் என்று அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தது. சட்டம் நிதானமாக 1940-ல் வந்தது. படிப்பு முந்திக்கொண்டது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மகாதேவ லால் ஷ்ராஃப், 1932-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலைப் பட்டப்படிப்புப் பாடமாக்கினார். 1937-ல் அது பி.ஃபார்ம் ஆனது. பார்மசி சட்டம் 1948-ல்.

பாட்டிலில் இருப்பது மருந்துதானா, அளவு சரியா என்பதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வலிப்பு நோயாளிகள் பலர் திடீரென்று தள்ளாட ஆரம்பித்தார்கள். அவர்கள் சாப்பிட்டது அதே ஃபெனிட்டாயின், அதே அளவு. கேப்சூலில் இடத்தை அடைக்கப் போடும் பொடியை மட்டும் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறிவிட்டது! முழுங்கியதில் எவ்வளவு, எவ்வளவு வேகமாக ரத்தத்துக்குப் போகிறது என்று ஆராயும் துறைக்குத்தான் பயோபார்மசூட்டிக்ஸ் என்று பெயர். நம்ம நாட்டு பி.ஃபார்மில் ஆறாவது செமஸ்டரில் தனிப் பாடமாகவே இருக்கிறது. பிள்ளைகள் கணக்குக்குப் பயந்து நடுங்கும் பாடம்.

2017-ல் இந்திய அரசு விதியைத் திருத்தியது. தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு, பிராண்டு மருந்தும் தங்கள் மருந்தும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறுகின்றன என்று நிரூபித்தால்தான் லைசென்ஸ். அதைச் சோதிக்கும் கூடங்களுக்கு ஆள் வேண்டும். மூணாறு லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிக்கு பார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் லேபுக்குள் எட்டிப் பார்த்து, மாத்திரை கரைக்கும் மெஷின் எங்கே என்று கேளுங்கள். அதன் மேல் தூசி படிந்திருந்தால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.