தமர் உகந்த திருமேனி

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பது வைஷ்ணவர்கள் கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது 'தானுகந்த திருமேனி'. சீடர்கள் வடித்துக் கொண்டுவந்து காட்ட, அவரே பார்த்து உகந்து தழுவிக்கொண்டது என்பது ஐதிகம். மேல்கோட்டையில் இருப்பது 'தமர் உகந்த திருமேனி'. அவர் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியபோது பிரிவு தாளாத சீடர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி'. அது பிம்பமல்ல, உடலே என்பார்கள். ஐதிகத்தைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சீடன் குருவை உருவமாக்கும்போது அந்த உருவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இத்தனை சிக்கனமாக வகுத்து வைத்ததை நம் இலக்கிய விமர்சனத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இந்த வகுப்பை வைத்துக்கொண்டு, 1893-க்குப் பின் மேற்கே போன நம் சந்நியாசிகளைப் பற்றி அவர்களுடைய சீடர்கள் எழுதியவற்றைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஸ்தோத்திரங்கள் நிறைய. அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது சில புத்தகங்கள்தான். அதில் ஒன்று இலக்கியம்.

முதலில் ஒரு சௌகரியத்தைச் சொல்ல வேண்டும். மடத்தில் இருக்கும் குருவைச் சீடன் பார்ப்பதில்லை, தரிசிக்கிறான். நேரம் குறித்திருக்கிறது, தூரம் குறித்திருக்கிறது, இடையில் ஒரு கதவு இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன சந்நியாசிக்கு இந்தக் கதவு கிடையாது. அவர் விருந்தாளி. வாடகை யாரோ கொடுக்கிறார்கள், குளிர்கோட்டு யாரோ வாங்கித் தருகிறார்கள், சமையல்கட்டில் யாரோ ஒரு சீடை அவருக்காகக் குழம்பு வைத்துப் பழகுகிறாள். அவருக்குச் சளி பிடிக்கிறது. அவருடைய ஆங்கிலத்தில் வங்காளம் தலைகாட்டுகிறது. பீடம் இல்லாத இடத்தில்தான் பீடத்தில் உட்கார்கிறவனின் கால் கண்ணில் படும். உருவச் சித்திரம் எழுதுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டாம். ஆனாலும் பெரும்பாலோர் எழுதியது அந்தக் கதவைத்தான். இல்லாத கதவை வார்த்தையால் கட்டி, அதற்கு வெளியே நின்று கும்பிட்டார்கள்.

நிவேதிதா அப்படிச் செய்யவில்லை. மார்கரெட் நோபிள் விவேகானந்தரை லண்டனில் 1895-ல் சந்தித்தார். 1898 ஜனவரியில் இந்தியா வந்தார். 'தி மாஸ்டர் ஆஸ் ஐ ஸா ஹிம்' 1910-ல் வெளிவந்தது. தலைப்பிலேயே ஒரு அடக்கம்: குரு என்னவாக இருந்தார் என்பதல்ல, நான் எப்படிக் கண்டேன் என்பது. 1898-ல் அல்மோராவில் தன் இங்கிலீஷ் தேசாபிமானத்தை அவர் நாள்தோறும் உடைத்ததையும், தான் எதிர்த்ததையும், வலித்ததையும் இந்த அம்மாள் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். மற்றப் பக்கங்களில் அநேகமாக ஒருவர்தான், அவரும் ஒரு தேசத்தின் உருவகமாக மாறிக்கொண்டிருக்கிறார். நம் பாரதிக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது விவேகானந்தர். 1908-ல் 'ஸ்வதேச கீதங்கள்' நிவேதிதாவுக்குச் சமர்ப்பணமாக வந்தது. சீடையின் சித்திரம் சீடையையே குருவாக்கிவிட்டது. இதில் தவறில்லை. சித்திரத்திலிருந்த அல்மோரா மட்டும் வழியில் காணாமல் போயிற்று.

அடுத்தவர் தேவமாதா. சென்னைக்காரர்கள் இவரை மறந்திருக்கக்கூடாது. அமெரிக்கப் பெண்மணி, பெயர் லாரா க்ளென். 1907-ல் மயிலாப்பூருக்கு வந்து ராமகிருஷ்ணானந்தரிடம் இரண்டு வருஷம் போல இருந்தார். 1895-ல் விவேகானந்தர் அமெரிக்காவில் ஒரு தீவில் சில பேருக்குச் சொல்லிக்கொடுத்தவற்றின் குறிப்புகள் 1908-ல் சென்னையில் அச்சேறியதில் இவருக்குப் பங்குண்டு. மயிலாப்பூர் நாட்களைப் பற்றி இவர் எழுதிய 'டேஸ் இன் ஆன் இண்டியன் மானஸ்டரி' 1927-ல் வந்தது. எதிர்த் திசையில் போன பார்வை இது. மேற்கிலிருந்து வந்து நம் புழுக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. ராமகிருஷ்ணானந்தரோ, வேனில் இரவுகளில் குருவின் படத்துக்கு விசிறி வீசிக்கொண்டிருப்பார் என்று சொல்லப்படுகிறவர். படம் என்பது அவருக்குப் படம் இல்லை. இவரே வங்காளியில் ராமானுஜர் சரித்திரமும் எழுதினார் என்பது நம் ஸ்ரீபெரும்புதூர்க் கணக்கில் சேர வேண்டிய சங்கதி.

தேவமாதாவின் முக்கியமான முயற்சி வேறு. ராமகிருஷ்ணானந்தருடன் சென்னையில் இருந்த இளம் சந்நியாசி பரமானந்தர் 1906-ன் கடைசியில் நியூயார்க் போனார். பிறகு பாஸ்டன், பிறகு கலிபோர்னியாவின் லா க்ரெஸெண்டாவில் 1923-ல் ஆனந்த ஆசிரமம். இவருடைய சரித்திரத்தைத் தேவமாதா இரண்டு பாகமாக எழுதினார். முதல் பாகம் 1926-ல், குரு உயிரோடிருக்கும்போதே வந்தது. இரண்டாவது 1941-ல், அவர் மறைந்த மறுவருஷம். முதல் பாகம் அசல் தானுகந்த திருமேனி. பயணங்கள், சொற்பொழிவுகள், கட்டடங்கள், நன்கொடைகள். ஒரு ஸ்தாபனத்தின் வளர்ச்சிக்கு மூக்கும் முழியும் வைத்தது மாதிரி.

பாங்கில் எனக்கு ஸ்பெசிமன் கார்டோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. மனுஷன் தன் பெயரை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதமாட்டான். ஒரு இழுப்பு குறையும், ஒரு புள்ளி தள்ளி விழும். கோடு பிசகாமல் கார்டில் இருப்பது போலவே ஒரு கையெழுத்து வந்தால் அதைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். தேவமாதாவின் பரமானந்தருக்கு ஒரு கோடு பிசகவில்லை. பொய் சொல்லவில்லை, பார்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் இந்தப் பரமானந்தர்தான் பெண்களைப் பிரசங்க மேடையில் ஏற்றியவர். அவர் 1940-ல் மறைந்தபின் தலைமை ஒரு பெண்ணிடம், காயத்ரி தேவியிடம் போனது. மையங்கள் பேலூர் மடத்திலிருந்து பிரிந்துபோயின. ஒரு மனிதனுக்குள் இப்படி ஒரு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் அந்தச் சித்திரத்தைக் கேட்கிறேன். அது பதில் சொல்லாமல் புன்னகை செய்கிறது.

இனி இஷர்வுட். கிறிஸ்டோபர் இஷர்வுட்டின் 'மை குரு அண்ட் ஹிஸ் டிஸைப்பிள்' 1980-ல் வந்தது. பிரபவானந்தர் 1893-ல் வங்காளத்தில் பிறந்தவர், பிரம்மானந்தரின் சீடர். 1923-ல் அமெரிக்கா சென்றார். ஹாலிவுட்டில் ஒரு பக்தை கொடுத்த வீட்டில் வேதாந்த சங்கத்தை நடத்தினார். 1938-ல் பக்கத்திலேயே மூன்று கும்மட்டத்தோடு ஒரு சிறு கோவில் எழும்பியது. சினிமா ஸ்டூடியோக்களின் நடுவே. இஷர்வுட் அங்கே 1939-ல் வந்து சேர்ந்தது பக்தியால் அல்ல. தகப்பனார் 1915-ல் யுத்தத்தில் செத்தவர். மாதாகோவில் என்றாலே இவருக்குக் குமட்டும். பெர்லின் கதைகளில் ஒரு காமிராவாக இருந்துவிடப் பார்த்தவர். யுத்தத்தை ஏற்க முடியாமல், அடுத்து எங்கே நிற்பது என்றும் தெரியாமல், திரைக்கதை எழுதிப் பிழைத்துக்கொண்டு ஒரு குட்டையான வங்காளிச் சாமியாரின் முன் வந்து உட்கார்ந்தார்.

ஆரம்பத்திலேயே அவர் கேட்டது ஒரே கேள்வி. நான் ஆண்களை நேசிக்கிறவன், ஒரு இளைஞனோடு வாழ்கிறேன், எனக்கு இந்தப் பாதையில் இடம் உண்டா? பாதிரியார் பதில் ஒன்றை எதிர்பார்த்துத் திரும்பிப் போகத் தயாராக வந்தவர். கிடைத்த பதில், அந்த இளைஞனைக் கிருஷ்ணனாகப் பார்க்கப் பழகு என்பது. அருவருப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. இந்த ஒரு பதிலில் பிரபவானந்தர் முழுசாக இருக்கிறார். இதை எழுத வேண்டுமென்றால் கேட்டவன் தன்னையும் எழுதியாக வேண்டும். கேள்வியை மறைத்துவிட்டால் பதில் உபதேச மஞ்சரியில் இன்னொரு வாசகம்.

இஷர்வுட் மறைக்கவில்லை. 1943-லிருந்து 1945 வரை அந்த வீட்டில் பிரம்மச்சாரியாக இருந்து பார்த்து, முடியாமல் வெளியேறியது அதில் இருக்கிறது. குருவும் சீடனும் சேர்ந்து கீதையை மொழிபெயர்த்தது இருக்கிறது. அது 1944-ல் வந்தது. குரு ஓயாமல் சிகரெட் பிடித்தது இருக்கிறது. ஒரு சந்நியாசி சிகரெட்டை விட முடியாதது சீடனுக்கு எப்படி ஆறுதலாயிற்று என்பதும் இருக்கிறது. வெளியேறிய சீடனைக் குரு விரட்டவில்லை, பிடித்திழுக்கவும் இல்லை. அவன் வந்து போய்க்கொண்டிருந்தான், முப்பது வருஷம். 1963 கடைசியில் விவேகானந்தர் நூற்றாண்டுக்காகக் குருவோடு இந்தியா வந்தபோது, மேடை மேடையாகப் பக்திமானாகப் பேசிப் பேசித் தன்மேல் தனக்கே கசந்து, இனி இப்படிப் பேசமாட்டேன் என்று குருவின் முகத்துக்கு நேரே சொன்னதும் இருக்கிறது. அல்மோராவுக்கு அப்புறம் எனக்கு இரண்டு மனிதர்கள் தென்பட்டது இங்கேதான்.

விசேஷம் என்னவென்றால், இதே இஷர்வுட் 1965-ல் 'ராமகிருஷ்ணா அண்ட் ஹிஸ் டிஸைப்பிள்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அத்தியாயம் அத்தியாயமாகப் பேலூருக்குப் போய்ப் பார்வையிடப்பட்டுத் திரும்பியது அது. நல்ல ஆங்கிலம், ஒழுங்கான தகவல். எழுதியவர் யார் என்று தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மடம் உகந்தது. பதினைந்து வருஷம் கழித்து எழுதியதை உகப்பதற்கு மடமும் இல்லை, குருவும் இல்லை. அவர் 1976 ஜூலை 4-ல் இறந்திருந்தார், விவேகானந்தர் இறந்த அதே தேதியில். இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னதில் 'என் குரு' என்று தொடங்கி 'அவருடைய சீடன்' என்று முடிகிறது. ஆரம்பத்தில் பேசுகிறவன் முடிவில் பேசப்படுகிறவனாகிவிடுகிறான். பிரபவானந்தர் நம்புகிறார் என்பதை என்னால் நம்ப முடிகிறது, என் நம்பிக்கை அவ்வளவுதான் என்ற இடத்திலேயே இந்தச் சீடன் கடைசிவரை நிற்கிறான். 1996-ல் அவருடைய டைரிகள் அச்சாகத் தொடங்கியபின், அன்றன்று எழுதிய எரிச்சலையும் நாற்பது வருஷம் கழித்துத் தொகுத்ததையும் ஒப்பிட வழி கிடைத்தது. புத்தகத்தில் டைரி வரிகளை அங்கங்கே அப்படியே இறக்கியிருப்பதால், வயதானவனின் சாந்தம் வாலிபனின் முரண்டை முழுக்க விழுங்கிவிடவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். சீடன் தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் குரு எங்கே? அமுதனார் ராமானுஜரைப் பற்றி நூற்றெட்டுப் பாட்டுப் பாடினார், தன்னைக் கரைத்துக்கொண்டுதானே பாடினார்? வாஸ்தவம். ஆனால் அது பாட்டு. நாமத்தைச் சொல்வது அதன் காரியம், மனிதனைக் காட்டுவது அல்ல. வசனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வசனத்தில் பேசுகிறவன் கரைந்துவிட்டால் அவன் இடத்தில் ஸ்தாபனம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் வேலை பார்க்கிற மணிமங்கலத்தின் பெயர் சரித்திரத்தில் நிற்பது பல்லவர் செப்பேட்டினால். நரசிம்மவர்மன் புலிகேசியை இங்கே முறியடித்தான், அவன் முதுகில் வெற்றி என்று எழுதினான் என்கிறது கூரம் பட்டயம். எழுதியது ஜெயித்தவனின் வம்சம். முதுகின் சொந்தக்காரன் சொன்னது நமக்குக் கிடைக்கவில்லை. இன்று ஒரகடம் லாரிகளின் புழுதியில் அந்த ஏழாம் நூற்றாண்டுப் போர்க்களம் எது என்று காட்டவும் ஆளில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிவைத்ததைச் சரித்திரம் என்று வாங்கிக்கொள்வது நமக்குப் பழகிப்போனது. குரு சரித்திரத்திலும் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறோம்.

தமிழில் விதிவிலக்கு உ.வே.சா. 1876-ல் இறந்த ஆசிரியரைப் பற்றி 1933-34-ல், ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து எழுதுகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடன், கைச்சுருக்கம், பிரபுக்களின் தயவுக்குக் காத்திருந்தது எல்லாம் அதில் உண்டு. தமிழ் வசனத்தில் ஒரு குரு சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டார் என்று எழுதுவதற்கு ஐயருக்கு இருந்த தைரியம் பின்னால் வந்த நம் எழுத்தாளர்களிடம் இல்லை. ஆனால் ஐயர் ஆசிரியரோடு ஒரு நாளும் சண்டை போடவில்லை. அது இல்லாத இடத்தில் சித்திரத்துக்குப் பின்பக்கம் இல்லை.

இந்தக் கதையில் நமக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பப் பணம் திரட்டியவர் திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள். பச்சையப்பன் பள்ளிக்கூட வாத்தியார். மண்டயம் ஐயங்கார், அதாவது மேல்கோட்டை வழி வந்த குடும்பம். தமர் உகந்தவர்களின் சந்ததி. 1893 ஆகஸ்டில் மாஸசூசெட்ஸிலிருந்து இவருக்கு வந்த நீண்ட கடிதத்தில் ஒரு சந்நியாசி குளிரைப் பற்றியும், கரையும் பணத்தைப் பற்றியும், தன்னைத் தங்கவைத்த அம்மாள் இந்தியாவிலிருந்து வந்த விநோத வஸ்துவாகத் தன்னைச் சிநேகிதர்களுக்குக் காட்டுவதைப் பற்றியும் எழுதுகிறார். மேடை விவேகானந்தர் அதில் கிடையாது. ஊர் பேர் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட முப்பது வயது மனிதன் ஒருவன் இருக்கிறான். தானான திருமேனி என்று ஒன்று எழுத்தில் சாத்தியமென்றால் அதற்கு மிக அருகில் வருவது இந்தக் கடிதங்கள். அவை பார்த்து எழுதப்பட்ட விலாசம் திருவல்லிக்கேணி. இப்படி ஒரு மனிதனிடம் மட்டும்தான் அப்படி எழுத முடிந்தது என்பதே அளசிங்கருக்கு ஒரு சித்திரம்.

அளசிங்கர் பதிலுக்குப் பணம் அனுப்பினார். 1895-ல் 'பிரம்மவாதின்' பத்திரிகை ஆரம்பித்தார். சந்தா சேர்த்தார், புரூஃப் பார்த்தார். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. குருவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதவில்லை.

சித்திரம் எழுதியவர் குருதான். 1899 ஜூனில் விவேகானந்தர் இரண்டாம் முறை மேற்கே போகும்போது, பிளேக் காரணமாகச் சென்னையில் அவரைக் கரையிறங்க விடவில்லை. பத்திரிகை விஷயம் பேச வேண்டியிருந்தது. அளசிங்கர் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கொழும்பு வரைக்கும் கப்பலேறிவிட்டார். அந்தப் பிரயாணத்தை வங்காளியில் எழுதியபோது விவேகானந்தர் இவரை வரைந்திருக்கிறார். மழித்த தலை, குடுமி, தென்கலை நாமம், வெறுங்கால். கப்பல் சாப்பாட்டைத் தொட்டு ஆசாரம் கெடாமலிருக்க ஒரு மூட்டையில் அவல், இன்னொன்றில் பொரியும் கடலையும். அதைக் கொறித்தபடி வெள்ளைக்காரர்கள் நடுவே மேல்தளத்தில் நடக்கிறார். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் விவேகானந்தர். கேலி இருக்கிறது, கேலியைவிட அதிகமாக வேறொன்றும் இருக்கிறது.

அளசிங்கர் 1909-ல் இறந்தார், நாற்பத்துநாலு வயதில். நிவேதிதாவின் புத்தகம் அடுத்த வருஷம் வந்தது.