மேசையைச் செய்தவர் யார்?



அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ரோட் ஐலண்டு பகுதியில், நியூபோர்ட் என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1776-ஆம் ஆண்டு வரை அது பிரிட்டிஷாரின் குடியேற்ற நாட்டைச் சேர்ந்திருந்தது. அங்கே டௌன்சென்ட், காடர்ட் என்னும் இரு தச்சர் குடும்பங்கள் வாழ்ந்தன. காடர்ட் குடும்பத்தின் கைவேலை எனக் கருதப்பட்ட ஓர் எழுதுமேசை அலமாரி, 1989-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

செய்தவர் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் பழைய மேசை ஒன்றைச் செய்தவர் இன்னார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்விரு குடும்பங்களும் பெண் கொடுத்து உறவானவை. ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றவை. எனவே மேசையின் தோற்றம் மட்டும் போதாது. அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அடிப்பலகையில் இழைப்புளி ஓடிய தடம் தெரியும். வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல் இருந்தால், அந்தப் பலகை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோ அறுக்கப்பட்டது. வெளியே தெரியாத உட்பலகைக்குத் தச்சர்கள் விலை குறைந்த உள்ளூர் மரத்தையே போட்டார்கள். அதனால் செஸ்நட், பைன் போன்ற உட்பலகைகள், மேசை பிறந்த ஊரைக் காட்டிக் கொடுக்கும். இழுப்பறையின் மூலையில், புறாவின் வால்போல விரிந்த இணைப்பு இருக்கும். அதை ஒவ்வொரு தச்சரும் தம் கைப்பழக்கப்படி வெட்டுவார்.

1809-இல் மறைந்த ஜான் டௌன்சென்ட், தாம் செய்த சிலவற்றில் தம் பெயர் தாங்கிய சீட்டை ஒட்டிவைத்தார். அவற்றை அளவுகோலாகக் கொண்டே, பெயரில்லாத மேசைகளை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிடுகிறார்கள். பழைய கணக்கேடுகளும் பற்றுச்சீட்டுகளும் துணை செய்கின்றன.

சரி, மேற்பலகை எங்கிருந்து வந்தது? அது மகோகனி, நியூபோர்ட்டில் விளையாத மரம். ஜமைக்காவிலிருந்தும் ஹோண்டுராஸ் விரிகுடாப் பகுதியிலிருந்தும் கப்பலில் வந்தது. விரிகுடாவை அடுத்த, இன்றைய பெலீஸ் நாட்டுக் காடுகளில் அதை வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஒருவர் உயர்ந்த மரத்தில் ஏறி, இலையின் நிறத்தைக் கொண்டே மகோகனி நிற்கும் இடத்தைக் கண்டறிவார். மற்றவர்கள் அதை வெட்டி, ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்று, மழைக்கால வெள்ளத்தில் மிதக்கவிடுவார்கள்.

தச்சரின் பெயர் சீட்டில் இருக்கிறது. மரம் வெட்டியவரின் பெயர் எந்த மேசையின் அடியிலும் இல்லை. அவருடைய உழைப்பும் சேர்ந்துதான் அந்த மேசை உருவாயிற்று.

நேயர்களே! காடு வெட்டித் தோட்டம் போட்ட நம் முன்னோரின் பெயர்களும் பல இடங்களில் எழுதப்படவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளைக்குத் தேடுகிறவர்களுக்கு அதுவே சீட்டாக அமையும்.