தேவாலயத்துக்குள் ஒரு பாலர் பள்ளி: மிசிசிப்பி, 1965

சின்னப் பிள்ளைகளின் மனநலம் என்று பேச்செடுத்தால், அது மருத்துவர்கள் பார்க்கவேண்டிய வேலை என்று நம் தோழர்கள் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். வன்கொடுமை வழக்கு, நிலம், இடஒதுக்கீடு என்று வேலை குவிந்து கிடக்கும்போது நான்கு வயதுப் பிள்ளையின் மனதைப் பார்க்க எங்கே நேரம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1965-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார்கள். தங்கள் தேவாலயங்களைப் பாலர் பள்ளிகளாக மாற்றிச் சொன்னார்கள். அந்தப் பாலர் பள்ளிகளைக் கண்டு ஆதிக்க அரசியல் எவ்வளவு நடுங்கியது என்பதை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து ஆய்வு நடத்தினார்கள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒரே மாதிரியான பொம்மைகள். நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் நல்லது என்று வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல இருக்கும் பொம்மை எது என்ற கடைசிக் கேள்வியில் சில குழந்தைகள் உடைந்து அழுதார்கள். பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டிக்காட்டியது. எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே குழந்தை தன்னை வெறுக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது என்பது அப்படித்தான் சட்டத்தின் கண்ணில் பட்டது.

இதைக் குழந்தைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பாடமாக யாரும் நடத்தவில்லை. மிசிசிப்பியில் ஒரு வெள்ளையர் வயதான கறுப்பரை 'மிஸ்டர்' என்று அழைக்கமாட்டார். 'பாய்' என்று பெயர்விட்டுக் கூப்பிடுவார். அப்பா பருத்திக்காட்டில் நாளெல்லாம் களை கொத்தி 3 டாலர் கூலியோடு வருவார். வாக்காளராகப் பதியப்போனால் அந்த வேலையும் போகும். இதையெல்லாம் குழந்தை பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஊர்க்காரன் வீட்டுப் பொடியன் தாத்தாவை 'வாடா, போடா' என்று கூப்பிட, தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக 'ஹெட் ஸ்டார்ட்' என்ற பாலர் திட்டத்தை அறிவித்தார். சத்தான உணவு, மருத்துவப் பரிசோதனை, விளையாட்டு, கல்வி ஆகியவற்றோடு, குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் சுயமரியாதையை வளர்ப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. மிசிசிப்பியில் இதை நடத்த 'மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழு' உருவானது. முன்நின்றவர் டாம் லெவின் என்ற நியூயார்க் உளப்பகுப்பாய்வாளர். ஆனால் நிறவெறி மாநிலத்தின் ஆளுநர் கையில் ஒரு பூட்டு இருந்தது. இத்தகைய மத்திய நிதியை அவர் தடுத்துவிடலாம். கல்லூரிகள் வழியாக வரும் நிதியை மட்டும் தடுக்க முடியாது. எனவே பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சார்ந்த மேரி ஹோம்ஸ் என்ற கறுப்பினக் கல்லூரியின் பெயரில் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் பெறப்பட்டது. எட்வர்ட்ஸ் என்ற ஊரில் இருந்த மவுண்ட் பியூலா திருச்சபை வளாகம் தலைமையகம் ஆனது. அந்தக் கோடையில் 84 மையங்களில் ஏறத்தாழ 6,000 குழந்தைகள் சேர்ந்தார்கள்.

பல மையங்கள் நடந்தது கறுப்பினத் தேவாலயங்களில். ஊரில் வெள்ளையரின் தயவு இல்லாமல் கறுப்பர்கள் கூடக்கூடிய சொந்தக் கட்டடம் அதுதான். அது பத்திரமான இடமும் இல்லை. 1964 கோடையில் வாக்குரிமை இயக்கம் நடந்தபோது மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது குண்டு வைக்கப்பட்டன. நெஷோபா பகுதியில் எரிக்கப்பட்ட மவுண்ட் சயன் தேவாலயத்தைப் பார்க்கப்போன மூன்று இயக்க இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே தேவாலயக் கதவைப் பிள்ளைகளுக்காகத் திறப்பது என்றால், கட்டடத்தையே பணயம் வைப்பது என்று பொருள். சில சபைகள் பயந்து மறுத்தன. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பல சபைகள் பயந்துகொண்டே திறந்தன.

உள்ளே நடந்ததுதான் முக்கியம். ஆசிரியர்களாக வந்தவர்களில் பலர் பருத்திக்காட்டிலும் வெள்ளையர் வீட்டு அடுப்படியிலும் உழைத்த பெண்கள். அதிகம் படிக்காதவர்கள். வாக்குரிமை கேட்டதற்காக வேலை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஊர்க் குழுவே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தது, இடம் பார்த்தது, சமையலுக்கு ஆள் வைத்தது. கூலி பருத்திக்காட்டில் கிடைத்ததைவிடப் பல மடங்கு. பிள்ளைகள் தங்கள் பேச்சுவழக்கில் சொன்ன கதைகளை ஆசிரியர்கள் அப்படியே எழுதிப் புத்தகமாக்கினார்கள். அதையே பிள்ளைகள் படித்தார்கள். 'உன் பேச்சு தப்பு' என்று யாரும் திருத்தவில்லை.

இதை மனநலச் சிகிச்சை என்று யாரும் பெயர் சூட்டவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை பின்வாசல் வழியாக வெள்ளையர் வீட்டுக்குள் போன அம்மா, இன்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கிறாள். அவளைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்கிறார்கள். கிளார்க் தம்பதியின் பொம்மைகள் முன் அழுத குழந்தைக்கு இதைவிட நல்ல மருந்து எது? பிள்ளையின் மனதில் விழுந்த காயத்தை, பெற்றவர்களின் நிலையை மாற்றாமல் ஆற்ற முடியாது என்பதை அந்த மக்கள் செயலில் காட்டினார்கள்.

ஆதிக்கவாதிகளும் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். சில மையங்கள் தீக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இலக்காயின. மிசிசிப்பி செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் நிதி முறைகேடு என்று குற்றம்சாட்டி விசாரணையாளர்களை அனுப்பினார். அவசரமாகத் தொடங்கிய அமைப்பில் கணக்குக் குளறுபடிகள் இருந்தது உண்மை. ஆனால் அவரை உறுத்தியது கணக்கு அல்ல. நிறவெறி அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் கறுப்பர்களின் கைக்குப் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் போனதுதான். கோடை முடிவில் லெவின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். நிதி நின்றது. ஆனாலும் பல ஊர்களில் பெண்கள் சம்பளம் இல்லாமலே மையங்களை நடத்தினார்கள்.

1966 பிப்ரவரியில் 48 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியர்களும் பேருந்தில் வாஷிங்டன் போனார்கள். நாடாளுமன்றக் கல்விக் குழுவின் அறையில் பொம்மைகளைப் பரப்பி, பாட்டுப் பாடி, அங்கேயே பாலர் பள்ளி நடத்திக் காட்டினார்கள். அந்த மாதமே 56 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆண்டு இறுதிக்குள் நிதியை மீண்டும் வெட்டினார்கள். வெள்ளை மிதவாதிகளும் வசதிபடைத்த கறுப்பர்களும் சேர்ந்த புதிய அமைப்புக்குத் திட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்தபின் ஒரு பகுதி நிதி திரும்பியது. ஆனால் அமைப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. பாலும் ரொட்டியும் தொடர்ந்து கிடைத்தன. கூலிக்காரப் பெண்களின் கையிலிருந்த அதிகாரம்தான் பிடுங்கப்பட்டது.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியவில்லை. இந்த அமைப்பில் பணியாற்றியவர்களில் ஒருவர் யுனிட்டா பிளாக்வெல். வாக்காளராகப் பதிய முயன்றதற்காகப் பருத்திக்காட்டு வேலையை இழந்தவர். 1976-இல் மேயர்ஸ்வில் ஊரின் மேயரானார். மிசிசிப்பியின் முதல் கறுப்பினப் பெண் மேயர் அவர்தான்.

நம் சூழலுக்கு இதை அப்படியே பெயர்த்துவிட முடியாது. அங்கே தேவாலயம் ஒடுக்கப்பட்டவர்களின் சொந்த இடம். இங்கே திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித் கிறித்தவர்களைப் பிரித்துவைக்கச் சுவர் எழுப்பினார்கள். கோயிலுக்குள் அம்மா எங்கே உட்காருகிறாள், திருவிழாத் தேர் தன் தெருவுக்கு வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் நான்கு வயதுப் பிள்ளை தன் மதிப்பை அளக்கிறது. அந்தச் சுவர் நிற்கும்வரை ஞாயிறு பள்ளியில் 'கடவுள் உன்னை நேசிக்கிறார்' என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளை நம்பாது.

எனவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பாலர் பள்ளிக்குள், அது திருச்சபை நடத்துவதாக இருந்தாலும் அரசு அங்கன்வாடியாக இருந்தாலும், ஒருமுறை போய்ப் பாருங்கள். சமைப்பது யார், பாடம் சொல்வது யார், முடிவெடுக்கும் குழுவில் நம் பெண்கள் இருக்கிறார்களா, பிள்ளைகளை எப்படிப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.